தேன் எடுத்தாச்சு... மழையில தேனீ என்ன சாப்பிடும்?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேன் சீசன். பெரும்பாலும் ரப்பர் தேன். இது பூவிலிருந்து வருவதில்லை. துளிர்த்த இலையின் காம்பில் சுரக்கும் இனிப்பு.

ஜூனில் மழை பிடித்தால் வரத்து குறைந்துவிடும். பெட்டியில் இருக்கும் தேன்தான் தேனீக்குச் சாப்பாடு. அதையும் வழித்து எடுத்துட்டா? இந்தியத் தேனீ பட்டினியோடு காத்திருக்காது, மொத்தக் கூட்டமும் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். பலர் சர்க்கரைப் பாகு வைத்துச் சமாளிக்கிறார்கள்.

இயற்கை முறையில் வளர்ப்பவர்கள் மேலே உள்ள தேன் அறையிலேயே கொஞ்சம் விட்டுவைப்பார்கள். கீழே புழு அறையைத் தொடவே மாட்டார்கள். கையில் வரும் தேன் குறையும்தான். ஆனால், காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு அடுத்த பிப்ரவரியில் என்ன எடுக்க?

முக்கியமா, தேனீ மொய்க்காத பழைய அடைகளை மழைக்கு முன்பே எடுத்துடணும். இல்லாட்டி மெழுகுப்பூச்சி புகுந்துடும்.