இடம் கிடைக்குமா? கல்லூரிச் சேர்க்கை வாய்ப்பும் குடும்பக் கணக்கும்

ஏப்ரல் தொடங்கி ஜூலை முடிய, ரிச்சர்ட்ஸ் டவுன் கிளையில் கல்விக்கடன் குறித்து விசாரிக்க வரும் பெற்றோர் பலரும் வட்டி விகிதத்தை இரண்டாவதாகவே கேட்கின்றனர். "இந்த மதிப்பெண்ணுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைக்குமா?" என்பதே அவர்களது முதற்கேள்வி. பாட்டரி சாலை, குக் டவுன், பிரேசர் டவுன் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இக்கேள்வியை வங்கி அலுவலர்களாகிய எங்களிடம் கேட்பதில் வியப்பில்லை. பிள்ளையின் சேர்க்கையும் வீட்டின் சேமிப்பும் ஒரே முடிவில் பிணைந்துள்ளன அல்லவா?

சேர்க்கையை முடிவு செய்வது வங்கி அன்று. ஆயினும், ஒரு கடன் விண்ணப்பத்தை மதிப்பிடும் முறையிலேயே சேர்க்கை வாய்ப்பையும் மதிப்பிடலாம் என்பது எங்கள் துணிபு. விண்ணப்பதாரரின் நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம். அதை மட்டுமே கொண்டு கடன் வழங்குவதில்லை. கடந்த சில ஆண்டுகளின் கணக்கைப் பார்க்கிறோம்; அக்கணக்கு இவருக்குப் பொருந்துமா என ஆராய்கிறோம்; எதிர்பார்த்தது நடவாவிடில் மாற்று வழி என்ன என்று கேட்கிறோம். இம்மூன்று கேள்விகளையும் பெற்றோர் தம் வீட்டிலேயே கேட்டுக்கொண்டால் இருவகை இழப்புகளைத் தவிர்க்கலாம். அச்சத்தால் முடிவுகள் வெளிவருமுன்பே வைப்புத்தொகையை முறித்து ஏதோ ஓர் இடத்திற்கு முன்பணம் கட்டுவது ஒன்று. எட்டாது என்று தாமே முடிவு செய்து, எட்டக்கூடிய இடத்திற்கு விண்ணப்பிக்காமலே விடுவது மற்றொன்று.

மதிப்பெண் அன்று, தரவரிசையே அளவுகோல்

ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் மொத்த மதிப்பெண் 360. பொதுத் தரவரிசைப் பட்டியலில் இடம்பெறத் தேவைப்பட்ட குறைந்தபட்ச மதிப்பெண் 2022-இல் 55, 2023-இல் 86, 2024-இல் 109, 2025-இல் 74. இரண்டே ஆண்டுகளில் அது இரு மடங்கைத் தொட்டுப் பின்னர் இறங்கியது. வினாத்தாளின் கடுமை மாறியதே இதற்குத் தலையாய காரணம். 2022-இல் 80 மதிப்பெண் பெற்றவர் பட்டியலில் இருந்தார். 2024-இல் அதே 80 பெற்றவர் அதில் இல்லை.

மருத்துவத்திற்கான நீட் தேர்வும் இதையே காட்டுகிறது. 2024-இல் 720-க்கு 720 பெற்றோர் பலர். 2025-இல் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686. 2024-இல் பல்லாயிரவர் 600-ஐத் தாண்டினர். 2025-இல் அவ்வாறு தாண்டியோர் ஆயிரத்துச் சொச்சம் பேரே. ஆகவே, "அண்ணன் 600 வாங்கியும் இடம் கிடைக்கவில்லை, தம்பிக்கு எப்படிக் கிடைக்கும்?" என்ற வாதம் செல்லாது.

இடங்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு பெரிதும் மாறுவதில்லை. எனவே, கடைசி இடம் எந்தத் தரவரிசை எண்ணோடு முடிந்தது என்பதில் ஓரளவு நிலைத்தன்மை உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் பிரிவில் பொதுப் பட்டியலின் கடைசித் தர எண் அண்மை ஆண்டுகளில் 60-க்கும் 70-க்கும் இடையிலேயே இருந்துவருகிறது. இந்த எண்களை ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான கூட்டுக் கலந்தாய்வு அமைப்பாகிய ஜோசாவும், கர்நாடகத் தேர்வு ஆணையமும் சுற்றுவாரியாக வெளியிடுகின்றன. பிறர் சொல்லும் செய்தியைக் காட்டிலும் அப்பட்டியல் நம்பத்தக்கது.

தகுதி வேறு, இடம் வேறு

2025-இல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் இரு தாள்களையும் எழுதியோர் 1,80,422 பேர். தகுதி பெற்றோர் 54,378 பேர். எல்லா ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 18,160. அதாவது, தகுதி பெற்ற மூவரில் ஒருவருக்கே இடம். 'தகுதி பெற்றார்' என்னும் சொல்லைக் கேட்டதும் உறவினர்க்கு இனிப்பு வழங்கும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நலம்.

'பெர்சன்டைல்' என்னும் அளவும் இவ்வாறே மயக்கம் தரும். ஜே.இ.இ. மெயின் தேர்வில் 99 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 99 மதிப்பெண் என்று பொருளன்று. எழுதியோரில் முதல் ஒரு விழுக்காட்டினருள் ஒருவர் என்று பொருள். எழுதுவோர் 14 இலட்சத்துக்கும் மேல். அதில் ஒரு விழுக்காடு 14,000 பேர். 99 பெற்ற மாணவருக்கு முன்னால் ஏறத்தாழ அத்தனை பேர் நிற்கக்கூடும். இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்த பின்னரே கல்லூரிப் பெயர்களைப் பேசத் தொடங்க வேண்டும்.

சராசரி எவருடைய வாய்ப்பும் அன்று

'பத்தில் ஒருவருக்கு இடம்' என்பது ஒரு கூட்டத்தின் கணக்கு. அக்கூட்டத்துள் வெவ்வேறு வரிசைகள் உள்ளன. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு 2024-இல் சேர 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேர் தேர்வாயினர், இது 3.6 விழுக்காடு. ஆனால் அங்கே விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள் போன்றோர்க்குத் தனிக் கவனம் உண்டு என்பது நீதிமன்ற வழக்கொன்றில் வெளிவந்த தரவுகளால் தெரியவந்தது. அத்தகைய பின்புலம் இல்லாத விண்ணப்பதாரரின் வாய்ப்பு 3.6-ஐ விடக் குறைவு என்றே கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இந்த வரிசைகள் ஒளிவுமறைவின்றி விதிகளாக எழுதப்பட்டுள்ளன. சமூகப் பிரிவு, பொருளாதார நிலை ஆகியவற்றிற்கேற்ப இட ஒதுக்கீடு உண்டு. மாணவியர்க்கென ஐ.ஐ.டி.களில் 2018 முதல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. எனவே, பிள்ளைக்கு உரிய பிரிவின் கடைசித் தர எண்ணையே பார்க்க வேண்டும்.

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது மாநில விதி. என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவர்க்கு உரியவை. இங்கே 'மாநிலம்' என்பது தாய்மொழியையோ பூர்வீகத்தையோ குறிப்பதன்று. பன்னிரண்டாம் வகுப்பைப் படித்துத் தேறிய மாநிலத்தையே குறிக்கும். பெங்களூரில் பி.யூ.சி. முடித்தவர்க்குச் சூரத்கல் சொந்த மாநிலக் கல்லூரி. திருச்சி வெளிமாநிலக் கல்லூரி. அதே பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் நாமக்கல்லுக்கோ ஈரோட்டுக்கோ அனுப்பினால் நிலைமை தலைகீழாகும். ஐ.ஐ.டி.களுக்கு இவ்விதி இல்லை.

கர்நாடக அரசு இடங்களுக்கான பொது வழி, ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் குறைந்தது 7 ஆண்டுகள் இம்மாநிலத்தில் படித்து, பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ இங்கே தேறியிருப்பது. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டோர் உரிய பிறப்பிடச் சான்றிதழுடன் அம்மாநிலப் பொறியியல் கலந்தாய்விலும் பங்கேற்கலாம். அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. இந்த விதிகளைப் பத்தாம் வகுப்பு முடியும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். கலந்தாய்வு நாளில் தெரிந்து பயனில்லை.

மூன்று பட்டியல்கள்

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். மாதிரித் தேர்வுகளில் ஒரு மாணவியின் தர எண் 9,000-க்கும் 15,000-க்கும் இடையில் அமைகிறது என்று கொள்வோம். முதற்கல்லூரியின் கடைசித் தர எண் மூன்று ஆண்டுகளாக 17,000-க்குக் கீழே வரவில்லை. மாணவியின் மோசமான நாளிலும் அங்கே இடம் உண்டு. அது 'உறுதி'ப் பட்டியல். இரண்டாவது கல்லூரி 11,000, 13,000, 12,500 என முடிந்துள்ளது, அது 'இழுபறி'. மூன்றாவது 5,000-ஐ ஒட்டி முடிகிறது; அது 'முயன்று பார்ப்போம்'. மூன்று பட்டியலிலும் பெயர்கள் இருக்க வேண்டும். 'உறுதி'ப் பட்டியலில் மனமுவந்து படிக்கத்தக்க கல்லூரியையே எழுத வேண்டும். ஒப்புக்கு எழுதினால் பயனில்லை.

பத்து வயலும் ஒரே மழையும்

பத்துக் கல்லூரிகளைப் பட்டியலிட்டதனால் பத்து வாய்ப்புகள் உள்ளன என்று எண்ணுவது இயல்பு. வேளாண் கடன் வழங்கும் வங்கியர் இந்த எண்ணத்தின் இடரை அறிவர். ஒரே மழையை நம்பிய பத்து வயல்களுக்குக் கடன் தந்தால், மழை பொய்க்கும்போது பத்தும் சேர்ந்தே காய்கின்றன. ஒரே நுழைவுத் தேர்வின் வழியாகச் சேரும் பத்துக் கல்லூரிகளும் அவ்வாறே. அன்று காய்ச்சல் வந்தால் பத்தும் கைநழுவும்.

ஆதலால் தேர்வுகளைப் பரவலாக்குவது நன்று. ஜே.இ.இ. எழுதுவோர் கர்நாடகத்தின் சி.இ.டி., தனியார் கல்லூரிகளுக்கான காமெட்-கே ஆகியவற்றையும் எழுதலாம். அறிவியல் ஆராய்ச்சியில் நாட்டமுள்ளோர்க்கு ஐசர் நிறுவனங்களின் தேர்வு உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் கியூட் தேர்வு உண்டு. இவையனைத்திலும் வலுவான ஊன்றுகோல் பி.யூ.சி. மதிப்பெண்ணே. கர்நாடகப் பொறியியல் தரவரிசையில் அதற்குப் பாதிப் பங்கு உண்டு. ஐ.ஐ.டி.யில் சேரவும் பன்னிரண்டாம் வகுப்பில் பொதுவாக 75 விழுக்காடு அல்லது தம் கல்வி வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டினருள் ஓரிடம் வேண்டும். பயிற்சி மையத்தை நம்பிப் பி.யூ.சி. பாடத்தைக் கைவிடுவது, இருக்கும் கிணற்றைத் தூர்த்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதை ஒக்கும்.

விருப்பப் பட்டியலை நிரப்பும் முறை

"எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால், எட்டும் கல்லூரியும் போய்விடுமோ?" என்பது பலரது அச்சம். அந்த அச்சத்திற்கு இடமில்லை. 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்னும் கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கைக்கென ஒரு முறையை வகுத்தனர். ஷேப்லி 2012-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். 2015-இல் தொடங்கிய ஜோசா கலந்தாய்வு அம்முறையைத் தழுவியது. மேலே எழுதிய கல்லூரி கிடைக்காவிடில், அடுத்ததற்கு அதே தர எண்ணுடனேயே மாணவர் பரிசீலிக்கப்படுகிறார். முதலில் எழுதியதற்காக எதையும் இழப்பதில்லை. எனவே, உண்மையான விருப்ப வரிசையிலேயே நிரப்புக. 'உறுதி'க் கல்லூரிகளை அடியில் எழுத மறந்துவிடுவதே இழப்பில் முடியும்.

பணத்தின் பக்கம்

சேர்வதற்கு அரிதான கல்லூரி செலவு மிகுந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நம் நாட்டில் பெரும்பாலும் நிலைமை வேறு. 2016-இல் ஐ.ஐ.டி. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டபோதே, பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆண்டு வருமானம் 1 இலட்சத்துக்குக் குறைந்த குடும்பத்தினர் ஆகியோர்க்கு அது முழுமையாக விலக்கப்பட்டது. 5 இலட்சம் வரை வருமானமுடையோர்க்கு மூன்றில் இரு பங்கு விலக்கு. கட்டணத்தை எண்ணி மகளை விண்ணப்பிக்க விடாமல் தடுக்கும் பெற்றோர் இதை முதலில் அறிய வேண்டும்.

2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டம், நாட்டின் தரமான நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) தகுதி அடிப்படையில் சேர்வோர்க்குப் பிணையும் ஜாமீனும் இன்றிக் கடன் பெற வழிசெய்கிறது. குடும்ப வருமானம் 8 இலட்சம் வரை உள்ளோர்க்கு, விதிகளுக்கு உட்பட்டு, 10 இலட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு.

கடன் எளிதாகக் கிடைப்பதும் கடன் எளிதாக அடைவதும் ஒன்றல்ல. 10 இலட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 13,200 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். 20 இலட்சமெனில் இரு மடங்கு. அப்படிப்பை முடித்தோரின் தொடக்கச் சம்பளம் அதைத் தாங்குமா என்பதை, கல்லூரி விளம்பரத்தில் உள்ள மிக உயர்ந்த சம்பளத்தைக் கொண்டு கணிக்காமல், நடுநிலைச் சம்பளத்தைக் கேட்டறிந்து கணிக்க வேண்டும்.

முன்பணம் கட்டுமுன் அதைத் திருப்பித் தரும் விதியை எழுத்தில் பெறுக. 2024-25 கல்வியாண்டிற்கு, 2024 செப்டம்பர் 30 வரை சேர்க்கையைத் துறந்தோர்க்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தருமாறு பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. நீங்கள் சேரும் ஆண்டிற்கான தேதியை அறிந்து வைத்துக்கொள்க. ரசீது இல்லாமல் கேட்கப்படும் தொகைக்கு எந்த வங்கியும் கடன் தராது. நீங்களும் தர வேண்டியதில்லை.

முடிவுகள் வருமுன் எழுதிவைக்க வேண்டியவை

மீண்டும் ஓராண்டு படித்துத் தேர்வெழுதுவதா என்னும் கேள்வி பல வீடுகளில் முடிவு வெளியான இரவில், கண்ணீருக்கும் கோபத்திற்கும் நடுவே எழுகிறது. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரு முறை மட்டுமே எழுத இயலும் என்பதால், அந்த இரவின் முடிவு திருத்திக்கொள்ள அரியது. ஆகவே, முன்கூட்டியே பிள்ளையுடன் அமர்ந்து மூன்றை எழுதிவைக்குமாறு வேண்டுகிறோம்: எந்தத் தர எண்ணுக்குள் வந்தால் சேர்வது, குடும்பம் தாங்கக்கூடிய மொத்தக் கடன் எவ்வளவு, எந்த நிலையில் மட்டும் மறுமுயற்சி.

அத்தாளில் பிள்ளையின் கையெழுத்தும் இருக்கட்டும். கடன் ஒப்பந்தத்தில் முதற்கையொப்பம் மாணவருடையதே. பெற்றோர் இணைக் கடனாளிகள். படிக்கப்போகும் 4 ஆண்டுகளும், அடைக்கப்போகும் 10 ஆண்டுகளும் அவருடையவை. 17 வயதில் ஒருவர் தம் வாய்ப்பை அஞ்சாமலும் மிகைப்படுத்தாமலும் எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொள்வாராயின், எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அது அவருக்குப் பயன்படும்.