புதிய சாலை எவ்வழியே?

புதிய நெடுஞ்சாலை ஒன்று வரப்போகிறது என்னும் செய்தி செவிக்கு எட்டியவுடன் நாம் மகிழ்ச்சி அடைகிறோம். நோயாளியை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்லலாம். இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருட்டில் எழவேண்டியதில்லை. இவை மெய்யான நன்மைகளே. ஆயினும், அச்சாலை எவ்வழியே செல்லும் என்பதை எவற்றைக் கருதி முடிவு செய்கின்றனர் என்று நாம் கேட்பதில்லை.

பொறியியலாளர் நிலப்படத்தை விரித்து, முதலில் மேடு பள்ளங்களைப் பார்ப்பர். செங்குத்தான ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லோரி திணறும். குன்றை வெட்டினால் மண் சரியும். ஆற்றுக்குப் பாலம் வேண்டும். அடுத்தது நிலத்தின் விலை. பட்டணத்தில் சிறு தொலைவுக்கும் பல வீட்டுக்காரரோடு பேசவேண்டும். தோட்டத்திலோ பெரும்பாலும் உரிமையாளர் ஒருவரே. காட்டு நிலம் மாநில அரசாங்கத்தினுடையது. அங்கே இழப்பீடு கேட்டு யானையும் புலியும் மனுப்போடப் போவதில்லை. ஆகவே, படத்தில் இடும் கோடு காட்டின் பக்கமும் தோட்டத்தின் பக்கமும் எளிதாகச் சாய்ந்துவிடுகிறது.

பேராக்கில் உள்ள கெரிக்கையும் கிளந்தானில் உள்ள ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. கிளந்தான் மக்களுக்கு அது பெரும் பேறு. ஆனால் அது பெலும், தெமெங்கோர் காடுகளின் நடுவே செல்கிறது. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்களை அது குறுக்கே வெட்டிவிட்டது. அதுமட்டுமன்று, சாலையோரத்தில் வெயில் விழுவதால் புல்லும் இளஞ்செடியும் தழைக்கின்றன. அவற்றைத் தின்ன யானைகள் சாலைக்கே வருகின்றன. 2025 மே 11-ஆம் நாள் பொழுது விடியுமுன், யானைக்கன்று ஒன்று லோரியின் அடியில் சிக்கி மாண்டது. தாய் யானை அந்த லோரியைத் தலையால் முட்டியவாறு அகலாது நின்ற படத்தை நம் மாணவர்களுள் பலர் கண்டிருப்பர். ஓட்டுநரை மட்டும் நொந்து பயன் என்ன?

வேறு வழியும் உண்டு. பகாங்கில் தாமான் நெகாராவுக்கும் நடுமலைத் தொடருக்கும் இடையே சுங்கை யூ என்னும் இடம் உள்ளது. அங்குச் சாலையைத் தூண்கள்மேல் உயர்த்தி, விலங்குகள் அடியில் நடந்து செல்லும்படி மூன்று உயர்பாலங்களைக் கட்டியிருக்கின்றனர்.

தோட்டத்தின் நிலை சற்று வேறு. மண்ணைக் கொட்டி உயர்த்திய சாலை, நீரோட்டத்துக்கு ஓர் அணைபோல் ஆகிவிடும். அடியில் பதிக்கும் குழாய் சிறியதாயின், மழைநீர் லயன் வீடுகளுக்குள் புகும். பள்ளி ஒருபுறமும் வீடுகள் மறுபுறமும் ஆனால், பிள்ளைகள் விரையும் வாகனங்களுக்கிடையே கடக்க நேரும். கோயிலும் இடுகாடும் கோட்டின்மேல் அகப்படலாம். இழப்பீடு பற்றியும் பெற்றோர் தெளிவாக அறியவேண்டும். 1960-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி பணம் நிலத்தில் சட்ட உரிமை உடையவருக்கே சேரும். உரிமையாளரின் இசைவால் மட்டும் குடியிருப்பவரை அச்சட்டம் இழப்பீட்டுக்கு உரியோருள் சேர்ப்பதில்லை. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர் ஆயினும் இதுவே நிலை. இது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

ஆகையால் கோடு உறுதியாகுமுன் பேசுதல் வேண்டும். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், நெடுஞ்சாலை போன்ற பெரும் பணிகளுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பை முன்னரே ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்னும் விதி 1988 முதல் நடப்பில் உள்ளது. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, எவரும் எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்கலாம். “எங்களுக்குச் சாலை வேண்டாம்” என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் உறங்கும். எந்த வாய்க்கால் எந்த மாதத்தில் நிரம்புகிறது, எத்தனை பிள்ளைகள் எந்நேரத்தில் நடக்கின்றனர், இடுகாட்டில் எத்தனை கல்லறைகள் உள்ளன என்று எண்ணி எழுதுதல் வேண்டும். கடிதம் மலாய் மொழியில் இருத்தல் நன்று. ஆறாம் ஆண்டு மாணவர்கள் பெற்றோர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கலாம். பிழை திருத்த ஆசிரியர்களாகிய நாம் இருக்கிறோம்.