உள்ளும் புறமும் – 14: மூன்று அறைக்கும் ஒரே டின் போதுமா?

திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் ஆயில் மூன்று தனி அறைகளில் இருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே செயினும் கிளட்சும் ஓடும் பிரைமரிக்கு ஒன்று. பட்டறைகளில் பிரைமரியைக் ‘கிளட்ச் பக்கம்’ என்றால்தான் சட்டென்று புரியும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகர ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது வந்த அமைப்பு இது. மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய புதிய எஞ்சின் 2009 வாக்கில் சந்தைக்கு வரும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நீடித்தது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் இன்றும் ஓடும் பழைய வண்டிகளுக்கு ஆயில் மாற்றும்போது எழும் குழப்பங்களில் பாதி, இந்த மூன்று அறைகளின் வேலையும் வேறு வேறு என்பதை மறப்பதால் வருகிறது.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20டபிள்யூ50 மினரல் ஆயில் இதற்குப் போதும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் காட்டுவது. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ் என்பதால், 10டபிள்யூவா 20டபிள்யூவா என்று இங்கே கவலைப்படத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது பின்னால் உள்ள எண். 100 டிகிரி சூட்டில் 50 எண் ஆயிலின் தடிமன் 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் வரை. 30 எண்ணுக்கு அது 9.3 முதல் 12.5 வரைதான். காற்றால் குளிரும் எஞ்சின், மே மாத மதியத்தில் தி.நகர் உஸ்மான் சாலை நெரிசலில் முதல் கியரில் ஊரும்போது அதற்குக் காற்றே கிடைப்பதில்லை. அந்த நிலையில் பேரிங்குக்கும் உலோகத்துக்கும் இடையே ஆயில் படலம் அறுந்துவிடாமல் நிற்பதற்குத்தான் 50. விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலை இந்த எஞ்சினில் ஊற்றுவது பெரும்பாலும் பெருமைக்காகத்தான். திருவொற்றியூருக்கு அடுத்த மணலி சுத்திகரிப்பு ஆலையே மினரல் ஆயிலுக்கான மூல ஆயிலைத் தயாரித்து வந்திருக்கிறது.

புல்லட்டில் ஆயில் அளவு பார்ப்பதற்கு மட்டும் ஒரு முறை உண்டு. ஆயில் தொட்டி கிராங்க் அறைக்குப் பின்புறம் அதனோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு பம்ப் ஆயிலை அனுப்ப, இன்னொன்று திரும்ப உறிஞ்சித் தொட்டியில் சேர்க்கும். வண்டி பல நாள் நின்றால் தொட்டியில் உள்ளது மெல்ல கிராங்க் அறைக்குள் கசிந்து இறங்கிவிடும். அப்போது அளவுகோலைப் பார்த்தால் ஆயில் குறைந்ததுபோலத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் புகை தள்ளும். மிச்சம் பிரீதர் குழாய் வழியே வெளியே வரும். சில நிமிடங்கள் ஓடவிட்டு, நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ்தான் விவகாரமானது. புல்லட்டின் நான்கு கியர் ஆல்பியன் பெட்டி வெறும் ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல; கிரீஸும் ஆயிலும் கலந்த, கூழ் பதத்தில் உள்ள மசகுக்காக. அதில் நீர்த்த ஆயிலை மட்டும் நிரப்பினால் செயின் பல்சக்கரத்தின் ஓரமாகக் கசிந்து பின் செயினிலும் டயரிலும் வழியும். மழையில் நனைந்த சாலையில் டயரில் ஆயில் படிவது கறை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. வெறும் கிரீஸை அடைப்பதும் தவறு. கெட்டியான கிரீஸைப் பற்கள் ஒருமுறை ஒதுக்கித் தள்ளிவிட்டால், அது பெட்டியின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு பற்களுக்குத் திரும்பி வராது. வெளிநாட்டு புல்லட்காரர்கள் இதற்கென 00 எண் கிரீஸ் வாங்குகிறார்கள். இங்கே நல்ல மெக்கானிக்குகள் கிரீஸில் ‘90 ஆயில்’ கலந்து அதே பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டும் சரி.

அந்த 90 என்ற எண் பலரை ஏமாற்றுகிறது. 50-ஐவிட 90 ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பது இயல்பு. ஆனால் கியர் ஆயிலை அளக்கும் அளவுகோலே தனி. சூட்டில் எடுத்துப் பார்த்தால் 90 கியர் ஆயிலும் 50 எஞ்சின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன்தான். வேறுபாடு உள்ளே சேர்க்கும் மருந்துகளில் இருக்கிறது. பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் அழுத்தத்தைத் தாங்கக் கியர் ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கலக்கிறார்கள். ஜிஎல்-4 வகையில் அது மிதம். ஜிஎல்-5 வகையில் அதிகம். கடும் சூட்டில் இந்தக் கந்தகம் வெண்கலத்தை அரிக்கக்கூடியது. ஆல்பியன் பெட்டிக்குள் வெண்கலப் புஷ்கள் இருப்பதால், டின்னில் ஜிஎல்-4 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

பிரைமரிக்குச் சுமார் 400 மில்லி ஆயில் பிடிக்கும். இங்கே சிக்கல் கிளட்சால் வருகிறது. செயின் வழுவழுப்பைக் கேட்கிறது. அதே ஆயிலில் நனைந்து சுழலும் கிளட்ச் தகடுகளோ பிடிமானத்தைக் கேட்கின்றன. கார் எஞ்சின் ஆயில்கள் பலவற்றில், குறிப்பாக 30-உம் அதற்குக் குறைவான எண்ணும் கொண்ட மெல்லிய வகைகளில், பெட்ரோலை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கிறார்கள். அது தகடுகளில் படிந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. இதற்காகவே ஜப்பானியர்கள் 1998-ல் ஜாசோ என்ற தரத்தை ஏற்படுத்தினார்கள். ஆயிலில் நனையும் கிளட்சுக்கு எம்ஏ. உராய்வு குறைந்த ஆயிலுக்கு எம்பி. எஞ்சினுக்கு வாங்கிய 20டபிள்யூ50 எம்ஏ டின்னிலிருந்தே பிரைமரிக்கும் ஊற்றலாம். கியர் ஆயிலை மட்டும் இங்கே ஊற்றவே கூடாது.

அளவும் முக்கியம். லெவல் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் சொட்டும் மட்டமே சரியான மட்டம். அதற்கு மேல் போனால் கிளட்ச் முழுவதும் பிரியாமல் இழுக்கும், நியூட்ரல் கிடைக்காது. யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் கிராங்க் ஓர சீல் தேய்ந்து எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது என்று பொருள். மட்டம் இறங்கியிருந்தால், பெரும்பாலும் பிரைமரி கவரைப் பிடித்திருக்கும் ஒற்றை நட்டோ அதன் உள்ளே உள்ள ரப்பரோ காரணம். நட்டை மேலும் மேலும் முறுக்குவதைவிட ரப்பரை மாற்றுவது மேல்.

2009-க்குப் பிந்தைய ஒருங்கிணைந்த எஞ்சினில் கதை தலைகீழ். எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. நிறுவனம் சொல்வது 15டபிள்யூ50, ஜாசோ எம்ஏ. இங்கே ஆயிலைக் கியர் பற்களும் அரைப்பதால் தடிமன் சீக்கிரம் குறையும்; மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடக் கூடாது. கடையில் ‘டூ வீலர் ஆயில்’ என்று மட்டும் கேட்டால் ஸ்கூட்டருக்கான எம்பி டின் கைக்கு வந்துவிடக்கூடும். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை என்பதால் அதற்கு எம்பி பொருந்தும், புல்லட்டுக்குப் பொருந்தாது. புதுப்பேட்டையானாலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் டின்னைத் திருப்பி அந்த இரண்டு எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வண்டிகள் மூழ்கியதைப் போன்ற வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தண்ணீர் கலந்த ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருக்கும். கிக்கரை உதைப்பதற்கு முன்பே, பழைய வண்டியில் மூன்று அறைகளையும் வடித்துவிட வேண்டும். வடித்த ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. அதை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாமல், பழைய ஆயில் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.