மந்தார வெளிச்சத்தில் மலை

வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் கேமராவைப் பைக்குள் போட்டுவிடுகிறவர்களே அதிகம். வண்ணப் படத்துக்கு அது நியாயம்தான். கறுப்பு வெள்ளையில் மலையை எடுக்க நினைப்பவர் ஜூலை மாதத்தில் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் போகலாம். தென்மேற்குப் பருவமழை அங்கே நிழல் என்ற ஒன்றையே துடைத்துவிடும். நிழல் இல்லாத இடத்தில் எதைக் கொண்டு படத்தைக் கட்டுவது?

மேகத் துளிகளின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான். ஒளியின் அலைநீளத்தைவிட இது பல மடங்கு பெரிது என்பதால், எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுகின்றன. வெயில் நாளில் வானத்தைக் கருக்கிக் காட்டும் சிவப்பு ஃபில்டருக்கு இங்கே வேலை இல்லை. கருக்குவதற்கு நீலம் வேண்டுமே!

ஆனால் மூடிய வானம் எங்கும் ஒரே பிரகாசமாக இருப்பதில்லை. பாரி மூன், டொமினா ஸ்பென்சர் இருவரும் 1942-ல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, கனத்த மந்தாரத்தில் உச்சி வானம் தொடுவானத்தைப் போல 3 மடங்கு பிரகாசம். பாறையின் தலை வெளிறி, அடிப்பக்கம் கருத்திருப்பது இதனால்தான். அதே சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், தன்மேல் விழும் ஒளியில் 10 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் புல்வெளியைவிடத் தொடுவானம் சுமார் 4 மடங்கு, அதாவது 2 ஸ்டாப், பிரகாசமாக இருக்கும். உச்சியை நோக்கிப் போகப் போக இந்த இடைவெளி இன்னும் கூடும். வானமும் நிலமும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்காத தொல்லை பழையது. 1850-களில் பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே, வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்தே சில கடற்படங்களை அச்சிட்டார். என்னைக் கேட்டால், அம்சமில்லாத வானத்துக்கு ஃபிரேமில் ஒரு கீற்றுக்கு மேல் இடம் கொடுக்கத் தேவையில்லை.

நிழல் செய்யாததைத் தூரம் செய்யும். தூரம் கூடக் கூட கான்ட்ராஸ்ட் எப்படித் தேய்கிறது என்பதை ஜெர்மன் வானிலை அறிஞர் கோஷ்மீடர் 1924-ல் கணக்கிட்டுச் சொன்னார். பார்வைத் தூரம் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை கிலோமீட்டரில் நிற்கும் கரிய சோலை மரத்துக்கு 38 சதவீத கான்ட்ராஸ்ட் மிஞ்சும். ஒரு கிலோமீட்டரில் 14. இரண்டில் வெறும் 2. தேய்மானத்தின் பெரும்பங்கு முதல் அரை கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் கருமையாக ஒரு மரமோ பாறையோ இல்லாவிட்டால், பின்னால் எத்தனை மலை மடிப்புகள் இருந்தாலும் படம் சாம்பல் கஞ்சிதான்.

அந்தப் பாறை நனைந்திருந்தால் இன்னும் நல்லது. பாறையில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஒரு பகுதியை மேலே படிந்த நீர்ப்படலம் மறுபடி உள்ளேயே திருப்பிவிட, பாறை அதையும் உறிஞ்சிக் கருக்கிறது. அதே படலம் சாய்கோணத்தில் வானத்தைப் பிரதிபலித்து மினுங்கவும் செய்யும். கருப்பும் வெள்ளையும் ஒரே கல்லில்! தூறல் விட்ட உடனே கிளம்புங்கள்.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். ஃபிரேமை நிறைக்கும் மூடுபனியையும் அழுக்காக்கிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள். இருண்ட படம்தான் வேண்டுமென்றாலும் இதையே செய்யுங்கள். வெளிச்சமாகப் பதிந்ததைப் பின்னால் இருட்டாக்கினால் இரைச்சல் குறைவாக இருக்கும். ரா ஃபைலிலேயே எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. மந்தாரக் காட்சி அவற்றில் சிறு பகுதியையே பயன்படுத்தும். ஜேபெக்கில் அதை இழுத்து விரித்தால் வானம் பட்டை பட்டையாகப் பிளக்கும்.

மென்பொருளில் ‘டீஹேஸ்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. மொத்தப் படத்துக்கும் அதை அழுத்துவது, கோஷ்மீடர் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பனியைக் கழிப்பது மாதிரி. பனிக்காக மலையேறியவருக்கு அது எதற்கு? முன்னால் நிற்கும் மரத்துக்கு மட்டும் கொஞ்சம் கொடுங்கள். தூரத்து மடிப்புகளில் அதே பொத்தானை மைனஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள்.