ஆர்கைல் பண்ணையின் கணக்கு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1950-இல் மைக்கேல் பாட்ரிக் டியூராக் காலமானார். வயது 85. கிம்பர்லி பகுதியில் குடும்பம் வைத்திருந்த மேய்ச்சல் நிலங்களை விற்றதும் அதே வருஷம்தான். ஊரில் அவரை 'எம்.பி.' என்பார்கள். பெயரின் முதலெழுத்துகள்தான் அது, பதவி அல்ல. ஆனால் 1917 முதல் 1924 வரை மாநிலச் சட்டமன்றத்தில் கிம்பர்லி தொகுதியின் உறுப்பினராகவும் இருந்திருக்கிறார்.

கிட்டத்தட்ட அறுபத்தைந்து வருஷம் மாடு வளர்த்த மனிதர். குதிரை மேல் தொப்பியும் சாட்டையுமாக சினிமாவில் வரும் பண்ணையாரை இவரிடம் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இவருடைய ஆயுதம் நாட்குறிப்பு. இத்தனை மாடு கப்பல் ஏறியது, இவ்வளவு விலை, இவ்வளவு பாக்கி என்று விடாமல் எழுதிக்கொண்டே இருந்தவர். அந்தக் கணக்கின் அருமை புரிய, அப்பா பட்ட அடியைப் பார்க்க வேண்டும்.

அப்பா பாட்ரிக், சுருக்கமாக பாட்ஸி. அயர்லாந்தில் பஞ்சத்தைக் கண்ட குடியானவக் குடும்பம். 1853-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. வந்த கொஞ்ச நாளிலேயே அவருடைய தந்தை விபத்தில் இறந்துபோக, இருபது வயதுகூட ஆகாத பாட்ஸியின் தலையில் தாயும் தம்பி தங்கைகளும். விக்டோரியாவின் தங்க வயலில் ஒன்றரை வருஷம் மண்ணைத் தோண்டி ஆயிரம் பவுண்டோடு திரும்பினார். அந்தப் பணத்தில் கோல்பர்ன் அருகே நிலம் வாங்கினார். அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். நில ஆசை விடவில்லை. 1863-இல் மச்சான் ஜான் காஸ்டெல்லோவோடு குவீன்ஸ்லாந்தின் வறண்ட மேற்குக்கு மாட்டை ஓட்டிப் போனார். வறட்சியில் மந்தை அழிந்தது, உயிர் மட்டும் மிஞ்சியது. 1868-இல் மறுபடியும் போய், கூப்பர்ஸ் கிரீக் பக்கம் தைலங்க்ரா என்ற பண்ணையை நிறுத்திக் காட்டினார்.

அடுத்து கிம்பர்லி. 1879-இல் அலெக்சாண்டர் ஃபாரஸ்ட் அந்த வடமேற்கு மூலையைச் சுற்றிப் பார்த்து, புல்லும் ஆறும் நிறைந்த பூமி என்று அறிக்கை கொடுத்தார். பாட்ஸி தம்பியை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொன்னார், பிறகு 7,250 மாடுகளைக் கிளப்பினார். 1883-இல் குவீன்ஸ்லாந்திலிருந்து புறப்பட்ட மந்தை ஆர்டு நதிக்கரையை எட்டியது 1885 செப்டம்பரில். சுமார் 4,800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தில்லிக்குப் போய்த் திரும்பினாலும் அத்தனை தூரம் வராது.

இந்தப் பயணத்தைத்தான் ஆஸ்திரேலியர்கள் இன்றும் வீரகாவியமாகச் சொல்கிறார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் காவியம் கொஞ்சம் கசக்கிறது. மந்தை ஒரு நாளைக்கு நகர்வது பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். தண்ணீர் இல்லாத இடங்களில் மாதக்கணக்கில் கிடை போட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். இரவில் ஏதோ ஒரு சத்தத்தில் மந்தை மிரண்டால் தொலைந்தது, அதனால் காவல்காரர்கள் குதிரையில் சுற்றிச் சுற்றி வந்து பாடிக்கொண்டே இருப்பார்கள். வழியில் பிறக்கும் கன்றுகள் மந்தையோடு நடக்க முடியாது. பிறந்த கையோடு கொன்றுவிடுவார்கள். இதைச் செய்தவர்களும் மாட்டை நேசித்தவர்கள்தான் என்பதை மாடு வைத்திருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். நோயும் தாகமும் சேர்ந்து, போய்ச் சேர்ந்தபோது ஏறக்குறைய பாதி மாடுதான் மிச்சம். இன்னொன்று: பாட்ஸி இந்த மந்தையோடு நடக்கவில்லை. ஓட்டியவர்கள் உறவுக்காரர்களும் கூலிக்காரர்களும். பாட்ஸி பணம் போட்டவர்.

அந்தப் பணம்தான் அவரைக் கவிழ்த்தது. 1880-களின் முடிவில் குவீன்ஸ்லாந்து முதலீடுகள் சரிந்தன. பெருநிலக்காரர் கையில் ஒன்றும் இல்லை. கிம்பர்லியில் பிள்ளைகள் நடத்திய ஆர்கைல் பண்ணைக்கு வந்து ஒண்டினார். 1893-இல் மனைவி மேரி அங்கே மலேரியாவில் இறந்தார். 1898 ஜனவரியில் ஃப்ரீமேண்டிலில் பாட்ஸியும் போனார். பேத்தி மேரி டியூராக் 1959-இல் எழுதிய 'கிங்ஸ் இன் கிராஸ் காஸில்ஸ்' இந்தக் கதைதான். புல்லால் கட்டிய கோட்டை ராஜாக்கள் என்ற அந்தத் தலைப்பிலேயே தாத்தாவின் முடிவு இருக்கிறது.

எம்.பி. கப்பலில் விண்டம் துறைமுகத்துக்கு வந்து இறங்கியபோது இருபதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். ஹால்ஸ் கிரீக் தங்க வேட்டைக்கு வந்த கூட்டத்துக்கு இறைச்சி தேவைப்பட்டது. அதுவே முதல் வியாபாரம். 1897-இல் கானர், டோஹர்ட்டி என்ற இருவரோடு கூட்டுச் சேர்ந்து, பல லட்சம் ஏக்கரை ஆளும் கம்பெனியானது. விஸ்தீரணத்தைக் கேட்டு வாய் பிளக்க வேண்டாம். உண்ணிக் காய்ச்சல், கப்பல் கூலி, எங்கோ தொலைவில் இருக்கும் சந்தை, பாங்க் கடன் என்று எல்லாம் போக மிஞ்சியது சொற்பம்.

சரி, அந்த நிலம் யாருடையது? ஆர்டு நதிக்கரை மிரிவூங் மக்களின் பூமி. 1886-இல் பாட்ஸியின் உறவினர் ஜான் டியூராக் ஈட்டி பாய்ந்து செத்தார். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. கிம்பர்லியில் அடுத்தடுத்து நடந்த பழிவாங்கல்களில் மாண்ட பழங்குடியினரில் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மாடுகளை மேய்த்ததும், குதிரைகளைப் பழக்கியதும், சமையல் செய்ததும் பழங்குடி ஆண்களும் பெண்களும்தான். தைலங்க்ராவிலிருந்து சொந்த மண்ணை விட்டு டியூராக் குடும்பத்தோடு வந்த பம்ப்கின் என்பவர் ஆர்கைலின் தூணாக இருந்தவர். கூலி? மாவு, தேயிலை, சர்க்கரை, இறைச்சி, துணி. கிம்பர்லிப் பண்ணைகளில் பல தலைமுறைகள் அப்படியே போயின. சம ஊதியம் 1968 டிசம்பரில்தான் வந்தது. வந்ததும் பல பண்ணைகள் அவர்களை வெளியே அனுப்பிவிட்டன.

எம்.பி.யின் மகன் கிம் வேறு மாதிரி யோசித்தவர். மாட்டை நம்பிப் பயனில்லை, ஆர்டு நதியை மறித்து வெள்ளாமை செய்யலாம் என்று 1940-களிலேயே பயிர்ச் சோதனைகளைத் தொடங்கினார். அரசு அந்த வழியில் பிறகு போய், 1972-இல் பெரிய அணையைத் திறந்தது. நீர்த்தேக்கத்துக்கு ஆர்கைல் ஏரி என்று பெயர். அதில் முழுக இருந்தது தாத்தா கட்டிய ஆர்கைல் வீடு! கற்களை முன்கூட்டியே பிரித்தெடுத்து, மேட்டில் மறுபடி அடுக்கி, 1979-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். மிரிவூங் மக்களின் புனித இடங்களை அப்படிப் பெயர்த்து வைக்க வழியில்லை. அவை தண்ணீருக்குள் போனது போனதுதான். அந்தப் பாசனத்தில் குனுனுரா ஊர்ப் பக்கம் பிற்காலத்தில் மாட்டைவிட விசேஷமாகப் பேசப்பட்டது நம்முடைய சந்தன மரம்.

டியூராக் குடும்பத்துக்குப் புத்தகம் உண்டு, அருங்காட்சியகம் உண்டு, ஏரியின் பெயரும் உண்டு. உழைத்தவர்களின் கணக்கு மட்டும் வெகுகாலம் திறந்தே கிடந்தது. 1936 முதல் 1972 வரை கூலி மறுக்கப்பட்ட பழங்குடித் தொழிலாளர்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கில், 2023-இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு 18 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. தலைக்கு 16,500 டாலர். அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள்.