காட்டுத்தீ ஆற்றுக்கு என்னவெல்லாம் செய்யும், தெரியுமா?

காட்டுத்தீயின் புகை ஆற்றைக் குளிரவைக்கும். தெரியுமா?

நம்ப முடியவில்லை அல்லவா! அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் பிறந்து, வடக்குக் கலிபோர்னியாவின் மலைகளை அறுத்துக்கொண்டு பசிபிக் கடலில் சேரும் கிளாமத் ஆற்றில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். கோடையில் சுற்றுவட்டாரக் காடுகள் எரியும்போது புகை பள்ளத்தாக்கை மூடிக்கொள்கிறது. வெயில் தண்ணீர்மேல் முழுவீச்சில் விழ முடிவதில்லை. புகை அடர்ந்த நாட்களில் ஆறு சுமார் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்துபோவதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். சால்மன் மீனுக்கு அந்த ஒரு டிகிரியில் உயிர் இருக்கிறது! முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் இந்த மீன்களுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும்; நீர் சூடேறினால் நோய் பற்றிக்கொள்ளும். 2002 செப்டம்பரில் இதே ஆற்றில் நீர் குறைந்து சூடேறியபோது செவுள் நோய் பரவி, குறைந்தது 34,000 மீன்கள் செத்து ஒதுங்கின.

இதைவிடப் பெரிய வியப்பு, கருவிகள் வருவதற்கு முன்பே அந்த ஆற்றங்கரையின் கருக் பழங்குடி மக்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான். மீன் ஏறும் காலத்தில் மலைச்சரிவில் தீ மூட்டுவது அவர்களுடைய பழைய வழக்கம். புகை மட்டுமா பயன்? எரிந்த இடத்தில் ஹேசல் புதர்கள் வளைவில்லாத நீண்ட குச்சிகளாகத் துளிர்க்கும். கூடை முடைய அதுதான் தோது. ஓக் மரங்களின் கொட்டைகளில் பூச்சி குறையும். சருகும் சுள்ளியும் அவ்வப்போது எரிந்துபோவதால் பெரும் தீக்கு விறகு மிஞ்சாது. இத்தனை பயனுள்ள வழக்கத்தை 1850இல் கலிபோர்னியா போட்ட சட்டம் குற்றமாக்கியது; 1911இல் வந்த வீக்ஸ் சட்டத்துக்குப் பிறகு, எந்தத் தீயானாலும் அணைப்பதே அரசின் கொள்கையாயிற்று. நூறு ஆண்டுச் சருகு காட்டில் சேர்ந்தது. இன்று அந்த மலைகளில் மூளும் தீ இவ்வளவு மூர்க்கமாக இருப்பதற்கு அதுவும் ஒரு முதன்மைக் காரணம்.

நம் பக்கத்திலும் இதே கதை உண்டு, தெரியுமா? சத்தியமங்கலம் காட்டை ஒட்டிக் கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் மக்கள் கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குச் சிறு தீ வைத்துவந்தார்கள். 1974இல் அந்த மலை சரணாலயமானதும் அது நின்றது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி காட்டை அடைத்துக்கொண்டது என்று அவர்களுடைய பெரியவர்கள் சொல்கிறார்கள். காட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் அந்தச் சொல்லுக்கு நாம் காது கொடுத்திருக்க வேண்டும்.

சரி, புகை மீனைக் காக்கும் என்றேனே. அதே கிளாமத்தில், தீ மீனைக் கொன்றதும் தெரியுமா? 2022 ஜூலை 29 அன்று மெக்கின்னி தீ மூண்டது. சில நாட்களிலேயே, எரிந்த சரிவுகளின்மேல் பெருமழை கொட்டியது. சாம்பலும் சேறும் கரியும் மரக்கட்டைகளும் சரிந்து ஆற்றில் இறங்கின. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் பூச்சியத்துக்கே போய்விட்டது! பல்லாயிரம் மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன. ஆற்றைக் குளிரவைக்கும் அதே தீ, அடுத்து வரும் மழையோடு சேர்ந்தால் ஆற்றையே அடைத்துவிடுகிறது.

ஏன் இப்படி? ரகசியம் மண்ணுக்குள் இருக்கிறது. சருகிலும் மேல்மண்ணிலும் உள்ள மெழுகு போன்ற பொருள்கள் தீயில் ஆவியாகின்றன. ஆவியில் ஒரு பகுதி கீழே இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில், குளிர்ந்த மண் துகள்கள்மேல் படிந்துவிடுகிறது. அவ்வளவுதான், பல ஆண்டுகளாக மழையைக் குடித்த மண், இப்போது தாமரை இலைபோலத் தண்ணீரை உருட்டி விடுகிறது! தாங்குவதற்கு இலை இல்லை, பிடிப்பதற்கு வேர் இல்லை, உறிஞ்சுவதற்கு மண்ணும் இல்லை. மேலே கிடக்கும் சாம்பலையும் தளர்ந்த மண்ணையும் வாரிக்கொண்டு வெள்ளம் பாய்கிறது. கலிபோர்னியாவில் 2017 டிசம்பர் 4 அன்று மூண்ட தாமஸ் தீ பெரும் மலைப்பரப்பை எரித்தது. ஐந்து வாரம் கழித்து, ஜனவரி 9 விடியுமுன் பெய்த மழையில், அதே மலையடிவாரத்து மான்டெசிட்டோ ஊருக்குள் பாறைகளோடு சேற்றுப் பிரவாகம் புகுந்தது. 23 பேர் மாண்டார்கள்.

உயிர் தப்பிய ஊர்களும் தாகத்திலிருந்து தப்புவதில்லை. கொலராடோவின் டென்வர் நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி, தெற்குப் பிளாட் ஆற்றிலிருந்து ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. மேலே 1996இல் பஃபலோ கிரீக் தீ, 2002இல் அதைவிடப் பன்மடங்கு பெரிய ஹேமன் தீ. இரண்டுக்குப் பின்னும் நீர்த்தேக்கத்தில் வண்டல் வந்து குவிந்தது. அதை அள்ளவும் மலையைச் சீராக்கவும் டென்வர் நீர் வாரியம் செலவழித்த தொகை 2 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல்! தீ எரிந்ததோ நகரத்துக்கு வெளியே மலையில். பணம் போனதோ குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கும் வீட்டுக்காரர் கையிலிருந்து.

தண்ணீர்க் குழாயே எரிந்து நஞ்சானதும் உண்டு. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்து 85 பேரைக் கொன்ற கேம்ப் தீக்குப் பிறகு, நிலத்தடிக் குடிநீர்க் குழாய்களில் பென்சீன் இருந்தது. வீடுகள் எரிந்து குழாய்கள் உடைந்ததில் நீர் அழுத்தம் விழுந்தது. உருகிய பிளாஸ்டிக்கின் நச்சும் புகையும் குழாய்க்குள் இழுக்கப்பட்டன. பென்சீன் புற்றுநோய் தருவது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி நான் படித்து அசந்துபோன சங்கதிக்கு வருகிறேன். எரிந்த காடு மறுபடி வளர்ந்தால் ஆற்றில் நீர் கூடும் என்றுதானே நினைப்போம்? ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்துக்காரரைக் கேளுங்கள்! ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் அந்நகரின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு, பொதுமக்கள் நுழையாதபடி பூட்டிக் காக்கப்படுகிறது. அதன் அரசன் மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரம். பூக்கும் தாவரங்களில் உலகிலேயே உயரமானது, நூறு மீட்டரைத் தொடும். மற்ற பல யூகலிப்டஸ் மரங்கள் எரிந்த தண்டிலிருந்தே துளிர்த்துவிடும். இது துளிர்க்காது. கடுந்தீ பட்டால் செத்தே போகும். சாகும்போது கிளையுச்சியில் காத்துவைத்த காய்களிலிருந்து விதையைச் சாம்பல்மேல் சொரியும். ஒரு ஹெக்டேரில் லட்சக்கணக்கான கன்றுகள் முட்டிமோதி எழும்பும்.

1939 ஜனவரி 13, கறுப்பு வெள்ளி. விக்டோரியா மாநிலத்தில் அன்றைய தீயில் 71 பேர் இறந்தார்கள், ஆஷ் காடுகள் பெருமளவு கருகின. பிறகு காடு பச்சென்று திரும்பியது. ஓடைகளில் மட்டும் நீர் குறைந்துகொண்டே போனது! ஏன்? இளங்காட்டுக்குத் தாகம் அதிகம். முதிர்ந்த காட்டில் மரங்கள் குறைவு, இடைவெளி அதிகம். இளங்காட்டிலோ நெருக்கியடித்து நிற்கும் மரங்கள் நீரைக் கடத்தும் மென்கட்டையும் இலையுமாகவே நிற்கின்றன. இந்த ஓடைகளின் கணக்குகளை அலசிய ஜார்ஜ் குசேரா என்ற நீரியல் அறிஞர் 1980களில் ஒரு வளைகோடு வரைந்தார். தீக்குப் பின் இருபது முப்பது ஆண்டுகளில் நீர்வரத்து ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும். பழைய அளவுக்குத் திரும்ப நூறு முதல் நூற்றைம்பது ஆண்டுகள் வேண்டும். தாத்தா காலத்துத் தீக்குப் பேரனின் குழாய் கணக்குச் சொல்கிறது! இன்னொன்றும் உண்டு: கன்று விதை தரும் வயதுக்கு வர பதினைந்து இருபது ஆண்டாகும். அதற்குள் மறுபடி தீ வந்தால் விதை இல்லை, ஆஷ் காடும் இல்லை. 2009 பிப்ரவரி 7, 173 பேரைப் பலிகொண்ட கறுப்புச் சனி, நீர்ப்பிடிப்புக் காடுகளிலும் புகுந்தது. அன்று முளைத்த கன்றுகள் இன்று தாகம் உச்சமடையும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கின்றன.

விதை வைத்துக் காத்திருக்கும் மரம் இன்னொன்று, அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில். லாட்ஜ்போல் பைனின் கூம்புகளில் பலவும் பிசினால் ஒட்டிக் கிடக்கும். தீயின் சூட்டில்தான் பிசின் உருகித் திறக்கும். 1988 கோடையில் அந்தப் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ பரவியபோது, பூங்கா செத்தது என்று நாடே அழுதது. செப்டம்பர் மழையும் பனியும் தீயை அடக்கின. அடுத்த கோடைகளில் கருகிய தண்டுகளின் அடியில் பைன் கன்றுகள் கம்பளமாய் விரிந்தன.

பெருந்தீ நடுவில் பச்சையாக மிஞ்சும் இடங்களும் உண்டு. அவற்றில் சிலவற்றைக் காப்பது பீவர் என்ற கொறிவிலங்கு! ஓடையில் மரக்குச்சியால் அணை கட்டி, சுற்றியுள்ள மண்ணை ஊறவைக்கிறது. அமெரிக்க மேற்கில் ஐந்து பெருந்தீக்களை ஆராய்ந்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், பீவர் இல்லாத ஓடைக்கரைகள் இழந்த பசுமை, பீவர் இருந்த கரைகள் இழந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

எரிந்த காடு எங்கே போகிறது, தெரியுமா? ஒரு பங்கு கடலுக்கு. தீயில் உண்டாகும் கரி மண்ணில் அப்படியே கிடக்கும் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2013இல் வெளியான கணக்கின்படி, ஆண்டுக்குச் சுமார் 2.6 கோடி டன் கரி ஆறுகளில் கரைந்து கடல் சேர்கிறது. பிரேசிலின் பராயிபா டோ சுல் ஆற்றுப் படுகையில் அட்லாண்டிக் காட்டை வெட்டி எரிப்பது 1970களிலேயே முடிந்துவிட்டது. எரிப்பு நின்று பல பத்தாண்டுகளுக்குப் பிறகும், மழைக்காலந்தோறும் அந்த ஆறு அந்தக் காட்டின் கரியைச் சுமந்துகொண்டிருந்தது!

கிளாமத்துக்கு நல்ல செய்தியும் உண்டு. 2023, 2024 ஆண்டுகளில் அதன் நான்கு அணைகளை இடித்து அகற்றினார்கள். அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு பெரிய அணை அகற்றம் நடந்ததில்லை. 2024 அக்டோபரில், நூறாண்டுக்கு மேல் எட்டாமல் இருந்த மேலாற்றில் சால்மன் ஏறிவிட்டது. கருக் மக்களின் பழைய தீக்கும் கலிபோர்னியா சட்டம் இப்போது வழிவிடத் தொடங்கியிருக்கிறது.

அதனால் வாசகர்களே, காட்டுத்தீ அணைந்தது என்ற செய்தியோடு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த மலையிலிருந்து இறங்கும் ஆறு எது, அந்த ஆற்றை நம்பியிருக்கும் ஊர்கள் எவை என்று தேடிப் பாருங்கள். முதல் பெருமழை வரும்வரை அந்த ஆற்றைக் கவனியுங்கள்.