கூரைக்குக் கீழே – 9: கோம்பை நாயும் அடுப்படிப் பூனையும்

போடியிலிருந்து தேவாரம் சாலையில் தெற்கே போனால் மேற்கு மலை கூடவே வரும். பண்ணைப்புரத்தைத் தாண்டியதும் கோம்பை. இளையராஜாவின் ஊரைத் தெரிந்தவர்களுக்கு அதன் பக்கத்து ஊர் தெரியாது. நாய்ப் பிரியர்களிடம் கேட்டால் கதை தலைகீழ். செம்பழுப்பு உடம்பு, கரிய மூஞ்சி, எதற்கும் பின்வாங்காத குணம். கோம்பை நாய் ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையையும் சொன்னார். காவலுக்கும் வேட்டைக்கும் என்றே வளர்க்கப்பட்ட இந்த நாயை, பூனை உலவும் வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

சமவெளியில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியும். நாய் வாசலோடு, பூனை அடுப்படியோடு என்று பிரித்துவிடலாம். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏலத்தோட்டத்துக்குள் போய்விட்டால் அது நடக்காது. எலி செடியிலேயே ஏலக்காயைக் கடிக்கும். ஸ்டோரில் சாக்கையும் ஓட்டை போடும். அதனால் பூனை வேண்டும். காய்த் திருட்டுக்கும் காட்டுப்பன்றிக்கும் நாய் வேண்டும். அந்த நாயை ராத்திரி வெளியே சங்கிலியில் கட்டிப் போட்டால், சிறுத்தைக்கு இலை போட்டுப் பரிமாறியது மாதிரி. ஆகவே இருட்டியதும் நாயும் உள்ளே வந்தாக வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடென்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி. மழைக்காலத்துக் குளிரில் இரண்டுக்கும் அடுப்போரம்தான் வேண்டும்.

இரண்டுக்கும் பிறவிப் பகை என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நாய்க்குள் இருப்பது ஓடுவதைத் துரத்தும் வேகம். பூனைக்குள் இருப்பது பயந்தால் ஓடும் வேகம். பூனை ஓடியதால் நாய் துரத்துகிறது, நாய் துரத்துவதால் பூனை இன்னும் ஓடுகிறது. கோம்பை, சிப்பிப்பாறை மாதிரி நாய்களில் இந்தத் துரத்தலைத் தலைமுறை தலைமுறையாக நாமே பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறோம். ஒருமுறை துரத்தி ருசி கண்ட நாயைத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே முதல் துரத்தல் நடக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது.

இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் பூனையும் ஒன்றாக வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் இரண்டும் இணக்கமாகவே இருந்தன. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் சந்தித்திருந்தால் உறவு நன்றாக அமைந்தது. பூனை முதலில் குடியேறி, நாய் பின்னால் வந்த வீடுகளில் இன்னும் நல்லது. எனக்குப் பிடித்த பகுதி வேறு. இரண்டின் உடல்மொழியும் பல இடங்களில் நேரெதிர். வாலை வீசி ஆட்டினால் நாய்க்குக் குஷி, பூனைக்குக் கோபம். மல்லாந்து படுத்தால் நாய் பணிகிறது. பூனை நான்கு கால் நகங்களையும் தயார் செய்வதாகவும் இருக்கலாம். ஒன்றாக வளர்ந்தவை இந்த வேற்று மொழியைக் கற்றுக்கொள்கின்றன. பூனைகள் செய்வதுபோல மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்து நாய்களும் நலம் விசாரிக்கப் பழகிவிடுகின்றன.

ஆகவே குட்டியாக வாங்குங்கள். இரண்டிலிருந்து ஏழு வாரத்துக்குள் நாயைப் பார்த்துப் பழகிய பூனைக்குட்டி பிற்பாடு மிரளாது. நாய்க்குட்டிக்கு அந்தப் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை. குட்டி வந்த அன்றே இரண்டையும் கையில் தூக்கி முகத்தோடு முகம் காட்டாதீர்கள். நம் வீடுகளில் குழந்தைகள் முதலில் செய்வது அதைத்தான். சில நாள் நடுவே கதவு இருக்கட்டும். பூனை படுத்த சாக்கை நாய்க்கும் நாய் படுத்ததைப் பூனைக்கும் போடுங்கள். கண்ணுக்கு முன்னால் மூக்கு பழகட்டும். கதவைத் திறக்கும் நாளில் நாய் கயிற்றில் இருக்க வேண்டும், நன்றாக ஓடிக் களைத்திருக்க வேண்டும். பூனை கட்டில்லாமல் இருக்க வேண்டும். கிட்டே போவதா வேண்டாமா என்பதைப் பூனைதான் முடிவு செய்யும்.

பூனைக்கு உயரம் கொடுங்கள். பழைய வீட்டுப் பரண், அலமாரி உச்சி, லயத்தில் என்றால் சுவரில் அடித்த ஒரு பலகை. நாய்க்கு எட்டாத இடம் தலைக்கு மேல் இருப்பது தெரிந்தால் பூனை ஓடாது. பூனை ஓடாவிட்டால் நாய்க்கு வேலை இல்லை.

நாயின் பார்வையைக் கவனியுங்கள். வால் அசையாமல், உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் பூனையையே பார்த்தால் உடனே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பி, ஏதாவது தின்னக் கொடுங்கள். அடிக்காதீர்கள், பூனை வந்தால் அடி விழும் என்றுதான் அது புரிந்துகொள்ளும். ஏற்கெனவே பூனையைக் கொன்று பழகிய வளர்ந்த வேட்டை நாயிடம் இந்தப் பரீட்சையே வேண்டாம்.

ஒரே தட்டில் சோறு வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று மலையில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் சொல்வார்கள். இதைவிட மோசமான யோசனை கிடையாது. சாப்பாட்டில்தான் முதல் கடி விழும். மேலும் டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது. மீன், இறைச்சியிலிருந்து வர வேண்டும். நாய்க்கு வைக்கும் பால் சோற்றையே பகிர்ந்து வளரும் பூனைக்கு நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். பூனையின் கிண்ணத்தை உயரத்தில் வையுங்கள். அது மலம் கழிக்கும் மண் தொட்டியையும் மறைவாக வையுங்கள், நாய் அந்த மலத்தையும் தின்னும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்ற பெயராலோ என்னவோ, நாய்க்குப் போடுகிறவர்கள் பூனையை மறந்துவிடுகிறார்கள். ரேபிஸ் பூனைக்கும் வரும், அது கடித்தால் மனிதருக்கும் வரும்.

கடைசியாக, உண்ணி. மலைப்புல்லில் புரண்டு வரும் நாய்க்கு மருந்து தடவாமல் முடியாது. நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும் அளவைப் பூனையின் உடம்பால் உடைத்து வெளியேற்ற முடியாது. பூனைக்குத் தடவினால் மட்டுமல்ல, ஈரம் காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலும் நஞ்சுதான். இரண்டும் எவ்வளவு அன்யோன்யமோ அவ்வளவு ஆபத்து. வாங்கும்போதே வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். பெர்மெத்ரின் உள்ளதுதான் கிடைத்தது என்றால் மருந்து நன்றாகக் காயும்வரை ஓரிரு நாள் இரண்டையும் பிரித்து வையுங்கள். பூனை நடுங்கி, தசை துடிக்க ஆரம்பித்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலால் அதைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி, கீழே இறங்கும் முதல் ஜீப்பில் ஏறிக் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.